எலியின் மேல் ஒரு கோடு

சான் பெர்னபே நகராட்சியில் எதையும் அழிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான். ஊரைப் படுத்துகிற சட்டங்களில் முக்கால்வாசி நல்ல எண்ணத்தில் போட்டவைதானே.

முந்தைய மேயர் காலத்தில் நகராட்சியின் இணையதளத்தில் ஒரு பாலம் இருந்தது. அதன் நீளம், அகலம், திறப்பு விழாப் படம் எல்லாம் அதில் இருந்தன. ஆற்றின் மேல்தான் பாலம் இல்லை. தேர்தல் நெருங்கிய வாரத்தில் அது இணையதளத்திலிருந்தும் காணாமல் போயிற்று. நின்ற ஒரே இடத்திலிருந்தும் பாலத்தைத் தூக்கிவிட்டார்களே என்று ஊர் கொதித்தது. புதிய மேயர் வந்ததும் முதல் வேலையாக வெளிப்படை இயக்ககம் என்று ஒன்றைத் திறந்தார். இனிமேல் வெளியிட்ட ஓர் எழுத்தையும் எடுக்கக் கூடாது. எடுத்தே ஆக வேண்டுமென்றால், எடுத்தது எல்லோர் கண்ணிலும் படவேண்டும். அதாவது சொற்கள் அப்படியே நிற்கும், அவற்றின் நடுவே சிவப்பாக ஒரு கோடு ஓடும். ஊர் கைதட்டியது. பாலம் மட்டும் இன்றுவரை கட்டப்படவில்லை.

எர்மெலிந்தா தோவபாந்தாவுக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. சந்தைக்குப் பின்தெருவில் குய் சுட்டு விற்பவள் அவள். கினிப்பன்றியைத்தான் அந்த மலைநாட்டில் குய் என்பார்கள். கம்பில் கோத்துக் கரிநெருப்பின் மேல் சுழற்றி, அவித்த உருளைக்கிழங்கும் வேர்க்கடலைக் குழம்பும் சேர்த்துத் தருவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வருகிறவர்கள் பாதிரியாரின் ஆசிக்கு அடுத்தபடியாக அவள் அடுப்பைத்தான் தேடி வருவார்கள். வீட்டின் பின்கட்டில் அவள் கணவன் செகுந்தோ குதிரைமசால் தழை அறுத்துப் போட்டுக் குய்களை வளர்த்தான். அவ்வளவுதான் அவர்கள் உலகம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை. சுட்டது சுட்டபடி ஆறிக் கிடந்தது. பூசை முடிந்த கூட்டம் எதிர்ச்சாரியில் ஒதுங்கிப் போயிற்று. பழச்சாறு விற்கும் பக்கத்துக் கடைக்காரி பியெதாத் தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அடியே எர்மெலி, நீ இன்னும் பாக்கலையா? நகராட்சி இணையப் பக்கத்துல உன் பேரு வந்திருக்கு.”

“நல்லதாவா?”

“எலி.”

பக்கத்தில் இப்படி இருந்தது: ‘சந்தைப் பின்தெரு, எர்மெலிந்தா தோவபாந்தாவின் கடை. குய்க்குப் பதிலாக எலி சமைக்கப்படுவது சுகாதார ஆய்வில் கண்டறியப்பட்டது.’ எலியைத் துடைப்பத்தால் தொடக்கூட அருவருப்புப்படுகிறவள் எர்மெலிந்தா. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்த்து எறிந்துவிட்டு, மறுநாள் காலையில் நகராட்சி திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றாள்.

வெளிப்படை இயக்ககத்தின் இயக்குநர் டாக்டர் வாஷிங்டன் செவாயோஸ். அந்த ஊரில் வக்கீல்களெல்லாம் டாக்டர்கள். கம்ப்யூட்டரைத் திறந்து மூடத் தெரிந்தவர்களெல்லாம் இன்ஜினியர்கள். மற்றவர்களில் ஆண்கள் மரியாதைக்குத் தோன், பெண்கள் தோன்யா. இணையதளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் இன்ஜினியர் லெனின், ஐம்பதை நெருங்கிய, தொந்தி சரிந்த மனிதர். வாஷிங்டனும் லெனினும் ஒரே மேசையில் ஒரே கெண்டியிலிருந்து காபி குடிக்கும் அதிசயம் உலகத்தில் அந்த அறையில்தான் நடந்துவந்தது.

எர்மெலிந்தா சண்டைக்குத் தயாராகப் போயிருந்தாள். சண்டைக்கு வேலையே வைக்கவில்லை அவர்கள். டாக்டர் எழுந்து நாற்காலி போட்டார். ஆய்வுக் குறிப்பைப் புரட்டினார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“தோன்யா எர்மெலிந்தா, மன்னிச்சுக்கோங்க. அது எங்க எலி.”

“என்னது?”

“எங்க கேன்டீன்ல சூப்புப் பானைக்குள்ள கிடந்தது. அன்னிக்கே உங்க தெருவுலயும் ஆய்வு. இணையத்துல குறிப்பை ஒட்டும்போது உங்க பேருக்கு எதிர்ல ஒட்டிட்டாங்க. சின்னக் கைத்தவறு.”

“அப்ப உங்க கேன்டீன் பேர்ல போடுங்களேன்.”

டாக்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “போடலாம். ஆனா போட்டா அப்புறம் எடுக்க முடியாதே! சட்டம் இருக்கே! அதனால எங்களைப் பத்தி எதையும் போடறதுக்கு முன்னாடி ரொம்ப யோசிப்போம்.”

“என்னோடதை?”

“உங்களோடதை இதோ இப்பவே அழிச்சுடறோம்.”

அவள் வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வழியெல்லாம் பார்த்தவர்களிடம் சொன்னாள். அன்று மாலையே இன்னொரு அடுப்பையும் சேர்த்து மூட்டினாள். பியெதாத் மறுபடியும் போனோடு வந்தாள், இந்தமுறை வாயைப் பொத்திக்கொண்டு.

எலி அங்கேயே இருந்தது. அதன் மேல் சிவப்பாக ஒரு கோடு. கீழே பச்சை எழுத்தில் புதிதாக ஒரு வரி: ‘எலி சமைக்கப்படவில்லை.’ முன்பு நூறு வரிகளுக்கு நடுவே ஒரு வரியாகக் கிடந்தது. இப்போது அந்தப் பக்கத்திலேயே சிவப்பும் பச்சையுமாகப் பளிச்சென்று நின்றது அது ஒன்றுதான். தண்ணீர் வரும் நேரம் பார்க்க வந்தவர்களும் எலியைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? முதலில் ‘எலியாமே’ என்றார்கள். இப்போது, “கோடு போட யாரு கையில என்ன திணிச்சாளோ!” என்றார்கள். சான் பெர்னபேயில் அரசாங்கம் தானாக ஒன்றைத் திருத்தியதாக எவரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே திருத்தியிருக்கிறது என்றால் எலி உண்மை, லஞ்சமும் உண்மை.

எர்மெலிந்தா மறுபடி போனாள்.

“அழிச்சுடறோம்னு சொன்னீங்களே டாக்டர்?”

“அழிச்சாச்சே. கோடு இருக்கு பாருங்க.”

“எலி தெரியுதே!”

“தெரிஞ்சாத்தானே அம்மா அழிச்சது தெரியும்?”

லெனின் திரையை அவள் பக்கம் திருப்பி விளக்கினார். “பக்கத்துக்குப் பின்னாடி குறிமொழின்னு ஒண்ணு இருக்கு தோன்யா. எடுத்த வார்த்தைக்கு முன்னாடி ஒரு குறி, பின்னாடி ஒரு குறி. அதுக்குள்ள அடைபட்டது நீக்கப்பட்டதுன்னு கணக்கு. எப்ப நீக்கினோம், ஏன் நீக்கினோம்னு அந்தக் குறிக்குள்ளயே எழுதிடலாம். அழகான ஏற்பாடு. உலகம் பூரா இருக்கு.”

“நீக்கினதுன்னா ஏன் இன்னும் இருக்கு?”

லெனின் டாக்டரைப் பார்த்தார். “அது சட்டப்பிரிவுக்காரங்க வேலை,” என்றார்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் மட்டும் அவள் கடையைக் கைவிடவில்லை. லாட்டரிச் சீட்டு விற்கும் தோன் அப்சலோனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அவருடைய போன் எழுத்தை வாய்விட்டுப் படிக்கும். ஒருநாள் அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

“எர்மெலிந்தா, கோவிச்சுக்காதே. இந்தப் போன்காரி உன் கடையில எலின்னு சொல்றா. அதே மூச்சுல எலி இல்லைங்கறா. கோர்ட்டுல பொய்ச்சாட்சி கூட ஒரு நாள் விட்டுத்தான் மாத்திப் பேசுவான்.”

“முதல் வரிக்குக் கோடு போட்டிருக்காங்களாம், தோன் அப்சலோன்.”

“கோட்டை எப்படிம்மா காதால கேக்கறது?”

அந்தக் கேள்வியோடு அவரைக் கையைப் பிடித்து இயக்ககத்துக்கு அழைத்துப் போனாள். பார்வையற்றவரின் முன் கோட்டின் முட்டாள்தனம் விளங்கிவிடும், வரியை மொத்தமாக எடுத்துவிடுவார்கள் என்று நம்பினாள். டாக்டர் உண்மையிலேயே ஆடிப்போனார். ஆனால் வேறு திசையில் ஆடினார்.

“எவ்வளவு பெரிய அநீதி! நீக்கினதைக் காணும் உரிமை கண்ணுள்ளவங்களுக்கு மட்டும்தானா? லெனின், கூட்டத்தைக் கூட்டுங்க!”

கூட்டம் கூடியது. நகராட்சி வானொலியில் தினமும் நண்பகலில் இணையதளத்தை வரிவரியாகப் படிப்பது வழக்கம். இனி நீக்கிய சொற்களைப் படிக்கும் முன் அறிவிப்பாளர் ஒருமுறை இருமவேண்டும், முடிந்ததும் மறுபடி இருமவேண்டும். இரண்டு இருமலுக்கு இடையில் கேட்பது கேட்காதது போல. அப்படியே தீர்மானமாயிற்று. அறிவிப்பாளருக்குக் கோடு தெரிவதற்காக ஒரு மூக்குக்கண்ணாடியும் பாராட்டுப் பத்திரமும் கொடுத்தார்கள்.

அடுத்த வாரம் மலையில் குளிர் இறங்கியது. அறிவிப்பாளருக்குச் சளி பிடித்தது. குடிநீர் நேரம், தடுப்பூசி முகாம், மேயரின் திருமணநாள் வாழ்த்து எல்லாம் இருமலுக்குள் போய்விட்டன. பள்ளிக்கூடம் நீக்கப்பட்டதென்று பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். மேயரின் மனைவி, இருபத்தைந்து வருஷக் கல்யாணத்தை ரத்து செய்ய நீங்கள் யார் என்று நேரில் வந்து கத்திவிட்டுப் போனாள். எர்மெலிந்தாவின் வரி வரும் நேரத்தில் அறிவிப்பாளர் ஒரு மடக்கு வெந்நீர் குடித்திருந்தார். தொண்டை கணீரென்று இருந்தது. எலி ஒரு இருமலும் இல்லாமல் பள்ளத்தாக்கு முழுவதும் ஒலித்தது.

அன்றோடு, எதற்கும் அருவருக்காத சந்தை மீன்காரிகூட அவள் அடுப்புப் பக்கம் திரும்புவதை விட்டுவிட்டாள். வீட்டில் வேறொரு தொல்லை. குய்கள் நகராட்சி அறிவிப்பைப் படிப்பதில்லை. விற்காத குய் சும்மா இருக்குமா, குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. பின்கட்டு நிறைந்து, இடம் போதாமல் குய்கள் சமையலறைக்குள் வந்தன. செகுந்தோ பொழுதுவிடிந்தால் குதிரைமசால் தேடி ஓடினான்.

“இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா கடையை மூடிட்டு கீழ வாழைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகவேண்டியதுதான் எர்மெலி,” என்றான் ஒருநாள். அந்த அடுப்பு அவளே மண் குழைத்துப் போட்டது.

கடைசியாக ஒரு யோசனையோடு இயக்ககத்துக்குப் போனாள். “டாக்டர், அந்தக் கோட்டையும் சேத்து அழிச்சுடுங்க.”

டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “நீக்கினதை நீக்கறதா? அப்படிப் பண்ணினா எலி சட்டப்படி மறுபடியும் உள்ள வந்துடும் தோன்யா! உங்க நன்மைக்குத்தான் சொல்றேன்.”

“வேற வழியே இல்லையா?”

“இருக்கு. காரணத்தைப் பலப்படுத்தலாம்.”

பலப்படுத்தினார்கள். கோட்டைத் தொட்டால் காரணப்பக்கம் திறக்கும்படி லெனின் செய்தார். காரணத்துக்குச் சான்று வேண்டும் என்றது சட்டப்பிரிவு. சான்றாகக் கேன்டீன் எலியின் படத்தைப் போட்டார்கள். சூப்பில் ஊறி, மயிர் பிரிந்து, வால் பானையின் விளிம்பில் தொங்க, பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது அது. படத்தின் மேல் சிவப்பாகப் பெருக்கல் குறி. மேலே பெயர்: எர்மெலிந்தா தோவபாந்தா. பார்த்த மாத்திரத்தில் அவள் தெருமுனைச் சாக்கடைக்கு ஓடினாள். அந்த வாரம் முழுவதும் அவளால் சோறு தின்ன முடியவில்லை. அந்த இயக்ககத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எப்படித்தான் தின்கிறார்களோ!

நன்றாகவே தின்றார்கள். ஒருநாள் மாலை டாக்டர் செவாயோஸ் அவள் வீட்டின் பின்வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கண்வரை இறக்கியிருந்தார்.

“ஒரு குய் கிடைக்குமா? உங்க கைப்பக்குவம் வேற எங்கயும் வரலை. முன்வாசல் வழியா வரமுடியாத நிலைமை, புரிஞ்சுக்குவீங்க.”

அடுப்பங்கரையில் நின்றபடியே முழுக் குய்யையும் தின்று, எலும்பையும் உறிஞ்சினார். விரலைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். சான் பெர்னபேயின் இணையதளம் நாட்டின் மிக நேர்மையான இணையதளம் என்று பரிசுக்குத் தேர்வாகியிருக்கிறது. தலைநகரிலிருந்து குழு வருகிறது. மைதானத்தில் விருந்து. நாற்பது குய் வேண்டும்.

“உங்க கேன்டீன்லயே செய்யலாமே?”

“கேன்டீனா? அங்க எலி இருக்கேம்மா!”

சொன்ன கையோடு அவர் அடுத்த நிபந்தனைக்குப் போய்விட்டார். “தலையை மட்டும் வெட்டிடுங்க. தலைநகரத்து ஆளுங்க, தட்டுல பல்லைப் பாத்தா பயந்துக்குவாங்க.”

“தலையோடதான் வைக்கணும் டாக்டர். தின்னறவன் மூஞ்சியையும் பல்லையும் பாத்துத் தெரிஞ்சுக்கணும், இது குய்தான்னு. அதுதானே மரியாதை? நகராட்சி விதியே அப்படித்தான் சொல்லுது.”

“விதி எழுதினதே நான்தான். வெட்டுங்க.”

அவள் யோசித்தாள். “சரி. விருந்துக்கு முன்னாடி அந்த வரி போகணும். கோடு வேண்டாம், பச்சை வேண்டாம், படம் வேண்டாம். சுத்தமா.”

“இதோ இப்பவே,” என்றார் டாக்டர்.

அந்த மலைநாட்டில் ‘இப்பவே’ என்ற சொல்லுக்கு நாளை முதல் உயிர்த்தெழுதல் நாள்வரை எந்த அர்த்தமும் உண்டு. அது தெரிந்தும் நம்பினாள். வேறு என்ன செய்வாள்? மூழ்குகிறவள் துரும்பைத்தானே பிடிப்பாள்.

விழா நாளில் மைதானத்தில் சர்ச்சை மறைக்கும் அளவுக்கு ஒரு திரை கட்டியிருந்தார்கள். பந்தலில் தலைநகரத்துக் குழு, மேயர், கவுன்சிலர்கள். ஊர்க்காரர்கள் கயிற்றுக்கு அப்பால். தலையில்லாத குய்கள் தட்டுக்குத் தட்டு பொன்னிறமாகப் பரிமாறப்பட்டன. குழுவின் தலைவி, பொருளாதாரம் படித்த அம்மாள், இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார். எர்மெலிந்தா குழம்புச் சட்டியோடு பந்தல் ஓரத்தில் நின்றாள். டாக்டர் செவாயோஸ் மைக்கைப் பிடித்தார்.

“முந்தைய நிர்வாகம் தவறுகளை மறைச்சது. நாங்க தவறுகளை மறைக்கறதில்லை, பராமரிக்கறோம்!” கைதட்டல். “ஒரு ஏழைப் பெண்ணோட பேருல தவறுதலா ஒரு எலி சேர்ந்துடுச்சு. நாங்க என்ன செஞ்சோம்? ராத்திரியோட ராத்திரியா ஒளிச்சோமா? இல்லை! அந்த எலியைத் தேதி, நேரம், காரணம், வண்ணப்படம் எல்லாத்தோடும் கௌரவமா நீக்கினோம். இன்னிக்கும் உலகத்துல எந்த மூலையிலிருந்தும் யார் வேணும்னாலும் வந்து, அந்த எலி அங்க இல்லைங்கறதைக் கண்ணால பாக்கலாம்!”

திரையில் அவள் பெயர் ஆளுயர எழுத்தில் வந்தது. அதன் கீழே வரி. வரியின் மேல் கோடு. அடுத்து எலி, வண்டிமாடு அளவுக்கு.

எர்மெலிந்தா சட்டியைக் கீழே வைத்தாள். அதற்குள் குழுவின் தலைவி, வாயில் துண்டை வைத்தபடி, நல்ல எண்ணத்தோடு கேட்டார்: “இறைச்சி பிரமாதம். யார் சமையல்?”

“உள்ளூர்ல ஒரு…” என்று டாக்டர் இழுத்தார்.

“என் சமையல்தாங்க,” என்றாள் எர்மெலிந்தா. “திரையில பெருசாப் போட்டிருக்கே, அந்தக் கடைதான்.”

பந்தலில் முள்கரண்டிச் சத்தம் நின்றது. குழுத்தலைவி திரையைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தட்டில் தலை இல்லை. அப்புறம் பக்கத்திலிருந்த மேயர் மார்பின் குறுக்கே அணிந்திருந்த மூவர்ணப் பட்டையின் மேல் வாந்தி எடுத்தார். ஒருவர் ஆரம்பித்தால் போதாதா? பந்தல் முழுக்க அந்தச் சத்தம்தான். ஒரு கவுன்சிலர் பூந்தொட்டியைத் தேடி ஓடினார்.

“எலி இல்லைங்க! நீக்கியாச்சு! கோட்டைப் பாருங்க, கோட்டை!” என்று டாக்டர் மைக்கில் அலறினார். அலறிக்கொண்டே, தன் வாயிலிருந்ததைக் கைக்குட்டையில் துப்பி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பின்வாசலில் நின்று எலும்பை உறிஞ்சிய அதே மனிதர். எலி யாருடையதென்று அந்தப் பந்தலில் நிச்சயமாகத் தெரிந்தவரே அவர்தான்.

எர்மெலிந்தா அதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் போய் ஒரு பச்சை அருவருப்பு வந்தது. எச்சிலைப் பார்க்கிற அருவருப்பு.

“ஏன் எல்லாரும் வாந்தி எடுக்கறீங்க? கோடுதான் போட்டிருக்கே! கோடு போட்டா இல்லைன்னுதானே அர்த்தம்? எனக்கு இத்தனை நாளும் அப்படித்தானே சொன்னீங்க?”

சொல்லிவிட்டு, மேசைக்கடியில் வைத்திருந்த வாளியை எடுத்து மேலே கவிழ்த்தாள். சுட்ட தலைகள் உருண்டன, ஒவ்வொன்றும் மழுங்கிய மூஞ்சியும் இரண்டு நீளப் பல்லுமாக. “பாத்துக்கோங்க. ஒவ்வொண்ணும் குய்.” அதுவரை அடக்கிக்கொண்டிருந்தவர்களும் அப்போது எடுத்துவிட்டார்கள். கயிற்றுக்கு அப்பால் நின்ற ஊர்க்காரர்கள்தான் தலைகளை உற்றுப் பார்த்தார்கள். பார்த்து, ஒருவருக்கொருவர் தலையாட்டிக்கொண்டார்கள்.

“எடுய்யா அதை! எடுத்துத் தொலை!” என்று மேயர் பட்டையைப் பிழிந்துகொண்டே லெனினைப் பார்த்துக் கத்தினார். லெனின் ஒரு விசையைத் தட்டினார். தும்முகிற நேரம்கூட ஆகவில்லை. எலி போயிற்று, வரி போயிற்று, கோடு, பச்சை, தேதி, காரணம் எல்லாம் போய்த் திரை வெள்ளையாக நின்றது.

“இவ்வளவுதானா?” என்று கேட்டாள் எர்மெலிந்தா.

குழு வண்டியேறிய அவசரத்தில் பரிசுக் கேடயத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிற்று. விட்டுப்போனதை வென்றதாக இயக்ககம் அறிவித்தது. மறுநாள் நகராட்சி வாசலில் நீண்ட வரிசை. வரி கட்டாதவன், குடிகாரன், இரண்டாம் தாரம் என்று இணையப் பக்கத்தில் தவறாகப் பெயர் ஏறியவர்களெல்லாம், எங்களுடையதையும் அதேபோல் தட்டி எடுங்கள் என்றார்கள். மேயர் பைபிளின் மேல் கைவைத்து, அப்படி ஒரு விசையே கிடையாது, இனி கோடு ஒன்றுதான் என்று சத்தியம் செய்தார். விசையைப் பிடுங்கியும் விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கூட்டம் நேராக அவள் அடுப்புக்கு வந்தது. செகுந்தோ பின்கட்டிலிருந்து குய்களைக் கொண்டுவந்து மாளவில்லை. கூட்டம் கலைந்தபின் லெனின் தயங்கித் தயங்கி வந்து பலகையில் உட்கார்ந்தார்.

“தோன்யா, ஒரு சின்ன விஷயம். புதுசா ஒண்ணு போடச் சொல்லிட்டாங்க.” போனைக் காட்டினார். ‘எர்மெலிந்தா தோவபாந்தா, விதிக்கு மாறாகத் தலையில்லாத குய்யைப் பொதுவிருந்தில் பரிமாறினார்.’

அவள் படித்தாள். வாயில் ஊறியதை ஓரமாகத் துப்பினாள்.

“மனு குடுங்க. நானே கோடு போட்டுத் தரேன்,” என்றார் லெனின். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

“எதுக்கு? தலையில்லாமத்தானே குடுத்தேன்? உங்க இணையப் பக்கத்துல என்னைப் பத்தி வந்த முதல் உண்மை இது, இன்ஜினியர். இருந்துட்டுப் போகட்டும். கூட ஒரு வரி மட்டும் சேத்துடுங்க. தலையை வெட்டச் சொன்னது யாருன்னு.”

லெனினுக்குக் கையிலிருந்த உருளைக்கிழங்கு நழுவியது. “டாக்டர் பேரையா? போட்ட மறுநிமிஷம் கோடு போடச் சொல்லிடுவாரே!”

“சொல்லட்டும்,” என்றாள் எர்மெலிந்தா, விசிறியை எடுத்துக் கரியை வீசியபடி. “அப்பத்தான் ஊரே படிக்கும்.”